பத்தொன்பதாவது தீர்மானம் வரும்வரை எழுந்து போகாதீர்கள்

மாசசூசெட்ஸில் நம் ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும்,

வணக்கம். தமிழ்ப் பள்ளி வாசலிலும் கிரிக்கெட் மைதானத்திலும் உங்களில் நிறையப் பேரோடு எத்தனையோ பேசியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசியதில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்த ஜனவரியில் பொங்கல் விழாவுக்கு நடுநிலைப் பள்ளியின் கேஃபடீரியாவை வாடகைக்கு எடுத்திருந்தோமே, அன்று நடந்தது இது. சர்க்கரைப் பொங்கல் வாங்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிகளில் இனி ஜூன் வரை புதுச் செலவு எதுவும் கிடையாது என்று எல்லாப் பெற்றோருக்கும் மெயில் வந்திருந்த வாரம் அது. காலியான லைப்ரரி உதவியாளர் இடத்தை நிரப்பப் போவதில்லை. ஐந்தாம் வகுப்பு மியூசியம் பயணம் ரத்து. "யாரோ ரெண்டு பசங்களை வெளியூர் ஸ்கூலுக்கு அனுப்புறாங்களாம். அதுக்குத்தான் நம்ம பிள்ளைங்க காசெல்லாம் போகுது" என்றார் ஒருவர். மற்றவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்த இரண்டு பசங்களில் ஒருவன் என் மகன்.

தட்டை வாங்கிக்கொண்டு நான் எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மகள் அந்த மியூசியம் பயணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவள். அவளுக்குப் போனது நிஜமான இழப்பு. ஆனால் ஒரு குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கும் இன்னொரு குழந்தையின் பயணத்துக்கும் நடுவில் இப்படி ஒரு சண்டை வரவே தேவையில்லை. அது வராமல் தடுக்கும் ஒரு வழி, சிறப்புக் கல்விக்கென்று தனியாக ஒரு இருப்பு நிதி, இந்த மே மாத டவுன் மீட்டிங்கில் (ஊர் வாக்காளர்கள் நேரில் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) பத்தொன்பதாவது தீர்மானமாக ஓட்டுக்கு வருகிறது. அதற்காகத்தான் இத்தனை நாள் காத்த மௌனத்தை விடுகிறேன்.

முதலில் என் மகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயது. ஆட்டிசம். மூன்று வயதிலிருந்து நம் ஊர்ப் பள்ளிகளில்தான் படித்தான். அவனுக்குக் கிடைத்த ஆசிரியர்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடியும்போது தனி உதவியாளர் ஒருவரின் துணையோடு பொது வகுப்பில் பாதி நாள் உட்காரும் அளவுக்கு வந்திருந்தான். போன செப்டம்பரில் ஆறாம் வகுப்புக்குப் போனான். பெரிய கட்டடம், நாற்பது நிமிடத்துக்கு ஒரு பெல், ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு அறை. ஆறு வாரத்தில் எல்லாம் குலைந்தது. சாப்பிடுவதை நிறுத்தினான். இரவில் தூங்கவில்லை. அக்டோபரில் இரண்டு முறை பள்ளியைவிட்டு வெளியே ஓடினான். இரண்டாவது முறை மெயின் ரோட்டில் ஒரு லாரி டிரைவர் சமயத்தில் பிரேக் போட்டதால் பிழைத்தான்.

நவம்பரில் ஐஇபி கூட்டம், அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து எழுதும் திட்டத்துக்கான கூட்டம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் காசைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் கூடாது. இவனுக்கு வேண்டியதை இந்தக் கட்டடத்துக்குள் எங்களால் கொடுக்க முடியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் காலை ஆறே முக்காலுக்கு ஒரு வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஐம்பது நிமிடப் பயணம். மாநில அங்கீகாரம் பெற்ற ஒரு சிறப்புப் பள்ளி. இப்போது அவன் தூங்குகிறான். மதியம் இன்னொரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். போன மாதம் அந்தப் பையனின் பெயரை வீட்டில் வந்து சொன்னான்.

இனி காசுக்கு வருகிறேன். மாசசூசெட்ஸில் இப்படிப்பட்ட பகல் நேரப் பள்ளிகளில் பலவற்றின் கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் ஆகும். வேன் செலவு தனி. இதெல்லாம் நம் ஊர் பேரம் பேசி வைத்த விலை இல்லை. மாநிலத்தின் ஒரு துறை ஒவ்வொரு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு, மூன்று சதவீதம் ஏறும். 2022 அக்டோபரில் அடுத்த நிதியாண்டுக்கு 14 சதவீதம் என்று அறிவித்தார்கள். அந்தப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு, ஆள் நிற்பதில்லை, அதனால் ஏற்றம் நியாயமானதே. ஆனால் பட்ஜெட் போடும் ஊர்களுக்கு அது இடி.

நம் ஊரின் வருமானமோ அப்படி ஏற முடியாது. 1980இல் இந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த இரண்டரை சதவீதச் சட்டம் இருக்கிறது. ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி, புதிதாகக் கட்டிய கட்டடங்களை விட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. மேலே வேண்டுமென்றால் தனியாகத் தேர்தல் வைத்து மக்களிடம் கேட்க வேண்டும். அந்தத் தேர்தல் வரும்போது வீட்டு வாசல் புல்வெளிகளில் எப்படிப்பட்ட போர்டுகள் முளைக்கும் என்று நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

என் மகனின் ஆறாம் வகுப்புக்கான பட்ஜெட்டை ஊர் நிறைவேற்றியது அதற்கு முந்தைய மே மாதத்தில். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பில் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கணக்கில் அவனுக்காக ஒரு உதவியாளர் சம்பளம் மட்டும்தான் இருந்திருக்கும். நவம்பரில் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாதபோது பள்ளி நிர்வாகத்துக்கு எப்படித் தெரியும்? ஜூலை 1இல் தொடங்கிய நிதியாண்டு ஜூன் 30இல் முடியும். நடுவில் வந்த செலவுக்கு அதே பட்ஜெட்டுக்குள்தான் இடம் தேட வேண்டும். ஆசிரியர் சம்பளம் ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டது, பேருந்து ஒப்பந்தமும் அப்படியே, ஹீட்டிங்கை நிறுத்த முடியாது. மிஞ்சுவது லைப்ரரி உதவியாளர் இடமும் மியூசியம் பயணமும்தான்.

செலவு செய்ய மாட்டேன் என்று சொல்ல ஊருக்குச் சட்டத்தில் இடம் இல்லை. அப்படி இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை.

1970களின் தொடக்கம் வரை இந்த நாட்டிலும் என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு சாத்தியே இருந்தது. பத்து லட்சம் குழந்தைகள் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள் என்று 1975இல் அமெரிக்கக் காங்கிரஸே சட்டத்தில் எழுதி வைத்தது. அதற்கும் முன்னோடியாக நம் மாசசூசெட்ஸ் 1972இல் 766 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. 1974 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே 1972இல் வாஷிங்டன் நகரில் மில்ஸ் வழக்கு என்று ஒன்று நடந்தது. எங்களிடம் பணம் இல்லை, அதனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கல்வி தர முடியவில்லை என்றது நகரக் கல்வி வாரியம். நீதிபதி ஜோசப் வாடி (Waddy) அதை ஏற்கவில்லை. இருக்கும் பணத்தை நியாயமாகப் பங்கிட்டுச் செலவழிக்க வேண்டும், பற்றாக்குறை வந்தால் அதன் பாரம் ஊனமுள்ள குழந்தைகள் தலையில் மட்டும் மற்றவர்களைவிட அதிகமாக விழக் கூடாது என்றார்.

எங்கள் கிராமத்தில் என் சித்தப்பா மகன் ஒருத்தன் இருந்தான். இன்றைக்குப் பார்த்தால் அவனுக்கும் ஆட்டிசம் என்றுதான் சொல்வேன். அவனைப் பள்ளியில் சேர்க்கவே இல்லை. திண்ணையிலேயே வளர்ந்தான். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், யோசித்துப் பாருங்கள்.

சரி, சட்டம் கடமையைக் கொடுத்தது. பணத்தை யார் கொடுப்பது? 1975 சட்டத்தில் மத்திய அரசு ஒரு வாக்குக் கொடுத்தது. ஒரு மாணவனுக்கு நாடு சராசரியாகச் செலவழிப்பதில் 40 சதவீதம் வரை ஒவ்வொரு சிறப்புக் கல்விக் குழந்தைக்கும் தருகிறோம் என்றது. ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. வழக்கமான எந்த ஆண்டிலும் அதில் பாதியைக்கூட அது தந்ததில்லை.

மாநிலம் தருவதற்கு சர்க்யூட் பிரேக்கர் என்று பெயர். வீட்டில் மின்சாரம் அதிகமாகப் பாய்ந்தால் சுவிட்ச் தானே விழுந்து காப்பாற்றுமே, அந்த அர்த்தத்தில் வைத்த பெயர். ஒரு குழந்தையின் சிறப்புக் கல்விச் செலவு மாநிலம் வைத்திருக்கும் ஓர் அளவைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 75 சதவீதம் வரை மாநிலம் திருப்பித் தரும். அந்த அளவு, மாநில அடிப்படை பட்ஜெட்டில் ஒரு மாணவனுக்கான சராசரியைப் போல நான்கு மடங்கு. கணக்குக்காக அதை 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். செலவு 1,20,000. தாண்டியது 70,000. அதில் முக்கால் பங்கு, 52,500 டாலர் திரும்பி வரும். மீதி 67,500 நம் ஊருடையது. 2019இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வேன் செலவும் படிப்படியாக இந்தக் கணக்குக்குள் வந்திருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் இந்த ஆண்டு செலவழித்ததற்கு அடுத்த நிதியாண்டில்தான் பணம் வரும். டிசம்பரில் குழந்தையை அனுப்பியாயிற்று, பள்ளி மாதாமாதம் பில் அனுப்பும், மாநிலத்தின் காசு அடுத்த ஜூலைக்குப் பிறகு. இந்த இடைவெளியில்தான் எல்லா மனக்கசப்பும் பிறக்கிறது.

இந்த இடைவெளிக்காகவே 2016இல் மாசசூசெட்ஸ் ஒரு சின்னச் சட்டப் பிரிவைச் சேர்த்தது. உள்ளாட்சிச் சட்டங்களை மொத்தமாகப் புதுப்பித்த ஒரு பெரிய சட்டத்துக்குள் ஒரு பத்தியாக வந்ததால் அதிகம் பேருக்குத் தெரியாது. 40ஆம் அத்தியாயம், 13இ பிரிவு. அதன்படி ஒரு பள்ளி மாவட்டம் சிறப்புக் கல்விக்கென்று தனியாக ஒரு இருப்பு நிதி வைத்துக்கொள்ளலாம். எதிர்பாராமல் வந்த, பட்ஜெட்டில் இல்லாத சிறப்புக் கல்விச் செலவு, வெளியூர்ப் பள்ளிக் கட்டணம், வேன் செலவு ஆகியவற்றுக்கு மட்டும்தான் அதைத் தொடலாம். நிதியைத் தொடங்க ஸ்கூல் கமிட்டியும் (பள்ளிகளை மேற்பார்க்க மக்கள் தேர்ந்தெடுத்த குழு) டவுன் மீட்டிங்கும் பெரும்பான்மையில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஸ்கூல் கமிட்டியும், ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் செலக்ட் போர்டும் தனித்தனியே ஓட்டுப் போட்டுப் பெரும்பான்மை வேண்டும். இருப்பு, ஊரின் நிகரப் பள்ளிச் செலவில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் செலவு 6 கோடி டாலர் என்றால் நிதியில் 12 லட்சத்துக்கு மேல் சேராது. வட்டி வந்தால் அதுவும் நிதிக்குள்ளேயே இருக்கும்.

இந்த அமைப்பை நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்தது, எடுப்பதற்கு இரண்டு சபைகளின் ஓட்டு போதும் என்பதுதான். ஊருக்குப் பொதுவாக ஸ்டெபிலைசேஷன் நிதி என்று ஒரு சேமிப்பு இருக்கிறதே, அதை எடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதிலிருந்து எடுக்க டவுன் மீட்டிங்கில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். டிசம்பரில் ஒரு குழந்தைக்காக டவுன் மீட்டிங் கூட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டாம். நம் ஊரில் ஆறாம் வகுப்பிலிருந்து நடு ஆண்டில் காணாமல் போன பையன் யார் என்று பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். மைக்கைப் பிடித்து ஒருவர், இந்தக் குழந்தைக்கு இவ்வளவு செலவா என்று கேட்பார். அந்தக் கேள்வியை ஒரு தாயோ தகப்பனோ அரங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். போன மார்ச்சில் பட்ஜெட் விளக்கக் கூட்டம் ஒன்றில் அப்படி ஒன்றை என் காதாலேயே கேட்டேன். "இரண்டு புதிய பிளேஸ்மெண்ட்கள்" என்று திரையில் ஒரு வரி, அதாவது வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பிய இரண்டு பிள்ளைகள். அரங்கில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இருப்பு நிதி இருந்திருந்தால் அந்த வரி அங்கே வந்திருக்காது. லைப்ரரியில் ஆள் இருந்திருப்பார். பிள்ளைகள் மியூசியத்துக்குப் போயிருப்பார்கள். பொங்கல் வரிசையில் அந்தப் பேச்சும் வந்திருக்காது.

பத்தொன்பதாவது தீர்மானம் இரண்டு விஷயம் கேட்கிறது. ஒன்று, 13இ பிரிவை நம் ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஃப்ரீ கேஷிலிருந்து 3 லட்சம் டாலரை அந்த நிதிக்கு மாற்ற வேண்டும். ஃப்ரீ கேஷ் என்றால் முந்தைய ஆண்டு செலவாகாமல் மிஞ்சி, மாநில வருவாய்த் துறை சரிபார்த்துச் சான்று கொடுத்த பணம். இதற்காக உங்கள் வரி ஒரு டாலர்கூட ஏறாது. ஸ்கூல் கமிட்டி குளிர்காலத்திலேயே ஓட்டுப் போட்டுவிட்டது. நம் பங்குதான் பாக்கி.

எதிர்ப்பும் இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, எனவே நேராகவே பேசுவோம். ஆசிரியர்களைக் குறைக்கும் காலத்தில் 3 லட்சத்தைச் சும்மா பூட்டி வைக்கலாமா என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. இது ஒரு முறை மிஞ்சிய பணம். இதை வைத்து ஆசிரியர்களை எடுத்தால் அடுத்த ஆண்டு அவர்கள் சம்பளத்துக்கு எங்கே போவது? மிஞ்சிய பணத்தை நிரந்தரச் செலவில் போடாதே என்று நம் வீட்டிலேயே பெரியவர்கள் சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம். அப்புறம், நடு ஆண்டில் ஒரு அடி விழும்போது முதலில் போகும் வேலைகள் எவை என்று இந்த ஜனவரியில் பார்த்தோம். நிதி அந்த வேலைகளைத்தான் காக்கிறது.

காசு இருக்கிறது என்று தெரிந்தால் பெற்றோர்கள் எல்லாரும் வெளியூர்ப் பள்ளி கேட்பார்கள் என்று ஒரு பேச்சும் காதில் விழுகிறது. என் பிள்ளையைக் காலை ஆறே முக்காலுக்கு வேனில் ஏற்றி, அவன் அண்ணன் படித்த, தெருப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிற பள்ளியைத் தாண்டி ஐம்பது நிமிடம் அனுப்ப எந்தத் தாய் ஆசைப்படுவாள்? எல்லா வழியும் அடைத்த பிறகு வரும் முடிவு அது. உள்ளூரில் சமாளிக்க முடியாது என்று ஐஇபி குழு தீர்மானித்த பிறகு வருவது. இன்னொன்றையும் யோசியுங்கள். ஒவ்வொரு ஆண்டும் பள்ளி நிர்வாகம் தீயணைப்பதிலேயே இருந்தால், இந்தப் பிள்ளைகளை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ள நல்ல வகுப்பு ஒன்றை நிதானமாகக் கட்டியெழுப்ப அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. பக்கத்து ஊர்களோடு சேர்ந்து கொலாபரேட்டிவ் என்ற கூட்டு ஏற்பாட்டை நடத்துவதற்கும் அதேதான்.

மறுத்து வழக்கில் இறங்குவது எங்கே கொண்டு விடும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பர்லிங்டன். நாம் மாலுக்குப் போகிற அதே பர்லிங்டன். அந்த ஊர்ப் பள்ளிக் கமிட்டிக்கும் ஒரு தகப்பனுக்கும் நடந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊர் தரும் ஏற்பாடு சரியில்லை என்று பெற்றோர் தாங்களே தனிப் பள்ளியில் சேர்த்து, பிறகு அவர்கள் செய்தது சரி என்று முடிவானால் ஊர் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1985இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். இன்று நாடு முழுக்க வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். வழக்குக்குப் போகும் காசில் ஒரு குழந்தை படித்துவிடும்.

இதுவரை சொன்னது ஓட்டுப் போடுபவர்களுக்கு. இனி, என்னைப் போன்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த மடலை எழுதலாமா என்று கேட்டபோது உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு பயத்தைச் சொன்னார். நிதி தீர்ந்துவிட்டால், உன் பிள்ளைக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிடுவார்களே? சொல்ல முடியாது. இருப்பு நிதியில் பூஜ்யம் இருந்தாலும் ஐஇபியில் எழுதியதை ஊர் கொடுத்தே ஆக வேண்டும். உரிமை சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றும்போது மற்றப் பிள்ளைகளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த நிதியின் வேலை. உங்கள் ஐஇபி கூட்டத்தில் யாராவது இந்த நிதியைப் பற்றிப் பேச்செடுத்தால், அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

இன்னும் கேட்கவே தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குப் பாரமாகிவிடுவோமோ, பெயர் வெளியே வந்துவிடுமோ என்று இரண்டு குடும்பங்கள், பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பள்ளிக்கு எழுத்தில் ஒரு கடிதம் போதும். ஐந்து பள்ளி நாட்களுக்குள் ஒப்புதல் படிவம் அனுப்ப வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் பரிசோதனை முடித்து, கூட்டம் வைத்து, முடிவு சொல்ல வேண்டும். இது இந்த மாநிலத்தின் விதி. எப்படி எழுதுவது என்று கேட்டால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

இந்த நிதியால் என் மகனுக்கு ஒரு டாலர்கூட வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் செலவு இப்போது தெரிந்த செலவு. வரும் ஜூலையிலிருந்து அது வழக்கமான பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். நிதி, இன்னும் யார் என்று யாருக்கும் தெரியாத அடுத்த குழந்தைக்கு. இன்றைக்கு நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்து அடுத்த குளிர்காலம் விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளையாக அது இருக்கலாம். மன அழுத்தத்தில் மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பும் ஹைஸ்கூல் பெண்ணாக இருக்கலாம். வேலை மாறி டெக்சாஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ ஆகஸ்டில் இங்கே வீடு எடுக்கும் நம் நண்பர் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். மாசசூசெட்ஸுக்குள்ளேயே ஊர் மாறினால், சிறப்புப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கான கட்டணத்தை அந்த நிதியாண்டு முடியும்வரையாவது பழைய ஊரே கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வருபவர்களுக்கு அது கிடையாது. வந்த முதல் நாளிலிருந்து நம் ஊர்தான். நாம் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள்?

இன்னொரு விஷயம் இந்தத் தீர்மானத்தில் இல்லை, ஆனால் மீட்டிங்கில் நான் கேட்கப் போகிறேன். ஐஇபி உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், நினைவிருக்கிறதா? மெடிக்கெய்டு உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் ஸ்பீச் தெரபி, நர்ஸ் கவனிப்பு போன்றவற்றுக்கு மத்திய அரசு கொஞ்சம் பணம் திருப்பித் தரும். நம் ஊரில் அந்தப் பணம் பள்ளிக்கு வருவதில்லை. ஊரின் பொதுக் கணக்கில் போய்ச் சேர்கிறது. இந்தப் பிள்ளைகளின் பெயரில் வருகிற பணம், ஒவ்வொரு ஆண்டும் இந்த நிதிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. 3 லட்சம் முதல் ஆண்டோடு தீர்ந்துவிடாமல் நிதி நிரம்ப ஒரு நிலையான வழி வேண்டும். யாராவது என் பக்கத்தில் நின்று இதையே கேட்டால் பலமாக இருக்கும்.

மீட்டிங் எப்படி நடக்கும் என்று தெரியாததால் வராமல் இருப்பவர்கள் நிறைய. முதல் தடவை நானும் பயந்துகொண்டே போனேன். வாரண்ட் என்று ஒரு புத்தகம் வீட்டுக்கு வரும், அதில் எல்லாத் தீர்மானங்களும் வரிசையாக இருக்கும். குடியுரிமை பெற்று, இந்த ஊரில் வாக்காளராகப் பதிந்தவர்கள் ஓட்டுப் போடலாம். பதிவு உண்டா என்று டவுன் கிளார்க் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கடைசித் தேதி ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டிலும் எச்-1பியிலும் இருப்பவர்கள் ஓட்டுப் போட முடியாது. ஆனாலும் வாருங்கள். வாக்காளர் அல்லாதவர்களுக்கு என்று ஒரு பகுதி ஒதுக்குவார்கள், கூட்டத்தை நடத்தும் மாடரேட்டரிடம் அனுமதி கேட்டுப் பேசலாம். உங்கள் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள், நீங்களும் வாடகை வழியாகவோ நேராகவோ வரி கட்டுகிறீர்கள். ஆயிரக்கணக்கில் வாக்காளர்கள் உள்ள ஊரில் அரங்கில் உட்கார்ந்திருப்பது சில நூறு பேர். நம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதி வந்தால் போதும்.

தீர்மானம் பத்தொன்பதாவது என்பதால் ராத்திரி ஒன்பதரை, பத்து ஆகலாம். ஃபயர் டிரக்கும் வடிகாலும் முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வரலாம். என் கணவரும் மூத்த மகனும் பார்த்துக்கொள்வார்கள், சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் இருக்கும். கார் இல்லாத தாத்தா பாட்டிகளில் யாருக்கு ஓட்டு இருக்கிறதோ, அவர்களை ஆறரைக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன். ஹைஸ்கூல் ஆடிட்டோரியம், ஏழு மணி. இடது பக்கம் மூன்றாவது வரிசையில் இருப்பேன். பக்கத்து இருக்கைகளில் என் கோட்டை வைத்து இடம் பிடித்திருப்பேன், வந்து எடுத்துவிட்டு உட்காருங்கள்.

அன்புடன்,
நம் ஊரின் ஒரு அம்மா